உலக சபையின் தலைமை ஆசனத்தில் ஒரு பெண்: விஜயலட்சுமி பண்டிட் அம்மையார்

நூற்றாண்டு காணும் பழைய மாணவியர் சங்கத்தின் மலரில், பள்ளிக்கூடப் படியே ஏறாத ஒரு பெண்ணின் வரலாறு எதற்கு என்று எம் சகோதரிகள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் எமது கல்லூரியில் படித்தவரல்லர். எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். வீட்டிலே ஆங்கில ஆசிரியை ஒருவரிடம் கற்றவர். அப்படியிருந்தும் மொஸ்கோவிலும் வாஷிங்டனிலும் லண்டனிலும் தம் நாட்டின் பிரதிநிதியாக இருந்தார். 1953 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைமை ஆசனத்தில் உலகின் முதற் பெண்ணாக அமர்ந்தார்.

அவரை இம்மலரில் நினைவுகூர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மையாரை உலக அரங்கிற்கு அனுப்பிய வழியிலே ஒரு விதவையின் சொத்துரிமைப் பிரச்சினை கிடக்கிறது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே என்ற வழக்கத்தில் வளர்ந்த மட்டக்களப்புப் பெண்களாகிய நாம் அந்தக் கதையைச் சற்று நின்று கேட்க வேண்டியவர்கள்.

அலகாபாத்துச் சிறுமி

1900 ஆகஸ்ட் 18 ஆம் திகதி அலகாபாத்தில் அவர் பிறந்தார். தந்தையார் மோதிலால் நேரு வடஇந்தியாவின் பெயர்பெற்ற, பெருஞ் செல்வம் படைத்த வழக்கறிஞர். தாயார் ஸ்வரூப் ராணி. பிறந்தபோது இட்ட பெயர் ஸ்வரூப் குமாரி. அண்ணன் ஜவஹர்லால் அவரிலும் ஏறக்குறைய பதினொரு வயது மூத்தவர். ஐந்து வயதில் பெற்றோருடன் இங்கிலாந்து சென்று வந்தார். அண்ணனுக்கு ஹரோ பாடசாலையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கிடைத்தன. தங்கைக்கு வீடே பாடசாலையாயிற்று. அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் பிள்ளைகளின் கல்வி இப்படித்தான் பங்கிடப்பட்டது.

1921 மே மாதம் ரஞ்சித் சீதாராம் பண்டிட் என்பவரை மணந்தார். விஜயலட்சுமி என்ற பெயர் திருமணத்தோடு வந்தது. கணவர் ஒரு பாரிஸ்டர்; சமஸ்கிருதத்தில் ஆழ்ந்த புலமையுடையவர்; காஷ்மீரத்து அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் ராஜதரங்கிணியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சந்திரலேகா, நயன்தாரா, ரீட்டா என மூன்று பெண்பிள்ளைகள் பிறந்தனர். இந்த மூவரும் பெண்கள் என்பது பின்னர் வழக்காக வரப்போகிறது என்பதை அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சிறையும் அமைச்சும்

காந்தியடிகளின் அழைப்பு அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையையே மாற்றியது. சீமைத் துணி போய்க் கதர் வந்தது. தந்தையும் தமையனும் கணவரும் மாறி மாறிச் சிறை சென்றனர். அம்மையாரும் மூன்று முறை சிறை புகுந்தார். முதல் தடவை 1932 இல். அப்போது பிள்ளைகள் சிறியவர்கள். அவர்களைப் பிரிந்து செல்வதே தண்டனையிலும் பெரிய தண்டனையாக இருந்தது. மூன்றாம் தடவை 1942 இல், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது. நைனிச் சிறையில் அவருடன் மூத்த மகள் சந்திரலேகாவும் அண்ணன் மகள் இந்திராவும் இருந்தனர்.

இந்தச் சிறைவாசங்களுக்கு இடையே 1937 இல் ஐக்கிய மாகாணச் சட்டசபைக்குத் தெரிவாகி, உள்ளூராட்சிக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் அமைச்சரானார். பிரித்தானிய இந்தியாவில் அமைச்சுப் பதவி ஏற்ற முதற் பெண் அவரே. இங்கே எம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இலங்கைப் பெண்களுக்கு 1931 இலேயே ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு அடலின் மொலமூரே அம்மையாரும், அடுத்த ஆண்டு நேசம் சரவணமுத்து அம்மையாரும் அரசாங்க சபைக்குள் நுழைந்தனர். இந்தியாவிலோ 1937 இல் சொத்து, படிப்பு போன்ற தகுதிகள் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு இருந்தது. வாக்குரிமையில் நாம் முந்தியிருந்தோம். அமைச்சுப் பதவியில் அவர்கள் முந்தினர்.

1939 இல் உலகப் போரை முன்னிட்டுக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன. 1943 இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, சிறையிலிருந்து வெளிவந்திருந்த அம்மையார் அங்கு சென்று அநாதைக் குழந்தைகளுக்கான நிவாரணப் பணியில் ஈடுபட்டார்.

விதவையின் பங்கு

1944 ஜனவரி 14 ஆம் திகதி கணவர் ரஞ்சித் பண்டிட் காலமானார். சிறையில் உடல் சீர்குலைந்து, விடுதலையாகிச் சில காலத்திலேயே போய்விட்டார். அவர் உயில் எழுதி வைக்கவில்லை. குடும்பம் இந்துக் கூட்டுக் குடும்பம். ஆண்பிள்ளை இல்லை. எனவே கணவரின் சொத்தில் தமக்கும் மூன்று மகள்மாருக்கும் உரிமையென்று எதுவும் இல்லை, பராமரிப்புத் தொகை மட்டுமே உண்டு என்ற நிலையைத் தாம் எதிர்கொண்டதாக அம்மையார் தமது நினைவு நூலில் எழுதியிருக்கிறார். கணவரின் சகோதரர் சொத்துக்கு உரிமை கோரினார். கணவர் பெயரிலிருந்த பணத்தைத் தொட முடியவில்லை.

அவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை புரியும். மோதிலால் நேருவின் மகள், ஜவஹர்லாலின் தங்கை, ஒரு மாகாணத்தின் முன்னாள் அமைச்சர், அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவியாக இருந்தவர். இத்தனை பெருமையும், கணவன் இறந்த மறுநாள் தன் வீட்டில் தனக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு விடையாகவில்லை. செல்வாக்குள்ள பெண்ணுக்கே இக்கதியென்றால் ஊர்ப்புறத்து விதவைக்கு எக்கதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மட்டக்களப்பில் பிறந்த நாம் இதைக் கேட்டுத் திகைப்போம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒரு பெண்பிள்ளை கலியாணம் முடித்தால் அவளுக்கு வீடும் வளவும், வசதியிருந்தால் வயலும் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தமிழரும் முஸ்லிம்களும் இந்த வழக்கத்தைப் பேணி வந்திருக்கிறார்கள். குடி தாய்வழியே போகும். முன்னாளில் இப்பகுதியில் நிலவிய முக்குவர் சட்டமும் தாய்வழியையே கொண்டது. அச்சட்டம் வழக்கொழிந்த பின்பும் வீடு பெண்ணுக்கே என்ற எண்ணம் மறையவில்லை. அந்த வீட்டைக் கட்டி முடிக்கத் தகப்பனும் அண்ணன்மாரும் படும் பாட்டையும் நாம் அறிவோம். சீதனத்தை முழுக்க முழுக்கப் புகழ்வதற்கில்லை. ஆனாலும் புருஷன் செத்தால் பெண் தெருவில் நிற்பாள் என்ற பயம் இந்த வாவிக்கரையில் வேறிடங்களிலும் பார்க்கக் குறைவு.

இந்தியாவில் அந்த நிலை சட்டத்தால் மாற 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கும் மகளுக்கும் பங்கு உண்டு என்றது. அம்மையாருக்கு அது பன்னிரண்டு ஆண்டு பிந்தி வந்த சட்டம்.

கையில் பணமில்லை, மனதில் துயரம், மூத்த மகள்மார் இருவரும் அமெரிக்காவில் வெல்ஸ்லிக் கல்லூரியில். இந்த நிலையில் 1944 இன் இறுதியில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். 1945 ஜனவரியில் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த பசிபிக் உறவுகள் மாநாட்டில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் ஊர் ஊராகச் சென்று இந்திய விடுதலை பற்றிப் பேசினார். அந்த ஆண்டு ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கும் மாநாடு கூடியது. பிரித்தானிய இந்திய அரசு அனுப்பிய குழுவில் சென்னையின் ஆற்காடு இராமசாமி முதலியார் முதலானோர் இருந்தனர். அம்மையாருக்கு உள்ளே ஆசனம் இல்லை. வெளியே கூட்டம் கூட்டி, அடிமை நாட்டின் பெயரால் அந்நியர் நியமித்தவர்கள் அந்நாட்டு மக்களின் குரலாக மாட்டார்கள் என்று வாதிட்டார். மறு ஆண்டு அதே சபைக்கு இந்தியக் குழுவின் தலைவியாகவே சென்றார்.

ஒரு வாக்கு

1946 இல் அவர் கையிலெடுத்த முதல் வழக்கும் காணி பற்றியதாகவே அமைந்தது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களில் தமிழர் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகள் டர்பன் நகரிலே உழைத்துக் காணி வாங்கத் தொடங்கியதும் வெள்ளையர் அரசுக்குப் பொறுக்கவில்லை. 1946 இல் ஒரு சட்டம் கொண்டு வந்து, குறித்த பகுதிகளுக்கு வெளியே இந்தியர் காணி வாங்கவோ குடியிருக்கவோ முடியாதபடி செய்தது. டர்பனில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தடை செய்யப்பட்ட வெற்று நிலத்தில் கூடாரமடித்து அமர்ந்து சிறை சென்றவர்களில் பெண்களும் இருந்தனர்.

இந்தியா இதை ஐக்கிய நாடுகள் சபையில் முறையிட்டது. எதிர்த் தரப்பில் இருந்தவர் தென்னாபிரிக்கப் பிரதமர் ஜெனரல் ஸ்மட்ஸ். உலகப் போரில் பேர் பெற்ற தளபதி. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முன்னுரையை ஆக்குவதில் பங்கு கொண்டவர். இது எங்கள் வீட்டு விடயம், மற்ற நாடுகள் தலையிட முடியாது; வேண்டுமானால் சர்வதேச நீதிமன்றம் சட்டத்தைப் பார்க்கட்டும் என்பது அவருடைய வாதம். மனிதரை நிறம் பார்த்து ஒதுக்குவது உலகத்தின் மனச்சாட்சியைத் தொடும் விடயம், நான்கு சுவருக்குள் அடக்க முடியாது என்பது அம்மையாரின் வாதம்.

டிசம்பர் 8 ஆம் திகதி வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. ஆதரித்த நாடுகளில் ஒன்று எதிர்ப்பக்கம் மாறியிருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கும். இன்னும் சுதந்திரமே பெறாத நாடொன்று, பேரரசின் செல்லப்பிள்ளையாக இருந்த நாட்டை உலகின் முன் நிறுத்தி வென்றது.

அவர் அமெரிக்கா புறப்படுமுன், ஸ்மட்ஸின் கையைப் பற்றி ஆசி கேட்கும்படி காந்தியடிகள் பணித்திருந்தார். வாக்கெடுப்பு முடிந்ததும் அம்மையார் ஸ்மட்ஸ் இருந்த இடத்துக்குச் சென்று, தாம் பேசியதில் மனம் நோகும்படி ஏதேனும் இருந்தால் மன்னிக்கும்படி வேண்டினார். கிழவர் அன்போடு பேசினாராம். ஆனால் இந்த வெற்றி உள்ளீடற்றது, இதனால் அடுத்த தேர்தலில் தான் தோற்கலாம், உங்களுக்கோ ஒன்றும் கிட்டாது என்ற கருத்தில் சொன்னதாக அம்மையார் எழுதியுள்ளார். 1948 இல் ஸ்மட்ஸ் தோற்றார். அடுத்து வந்தவர்கள் நிறவெறியை முழு ஆட்சிமுறையாகவே ஆக்கினர். அந்த மட்டில் கிழவர் சொன்னது பலித்தது. ஆனால் அன்று திறந்த கதவு பின்னர் மூடப்படவில்லை. ஆண்டுதோறும் இவ்விடயம் சபைக்கு வந்தது. 1974 இல் தென்னாபிரிக்கா பொதுச்சபையில் பங்குபற்றுவதிலிருந்து நிறுத்தப்பட்டது. 1994 இல் எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. அதைக் காண அம்மையார் இருக்கவில்லை.

தூதுவர்

சுதந்திர இந்தியாவின் முதற் தூதுவராக 1947 இல் மொஸ்கோ சென்றார். இரண்டு ஆண்டு அங்கிருந்தும் ஸ்டாலின் அவரைச் சந்திக்கவில்லை. அவருக்குப் பின் சென்ற டாக்டர் இராதாகிருஷ்ணனுக்கு அந்தச் சந்திப்புக் கிடைத்தது. தூதுவர் தொழிலில் வாசல் திறக்கும் வரை காத்திருப்பதும் ஒரு வேலை என்பதை மொஸ்கோ அவருக்குக் கற்பித்தது எனலாம்.

1949 முதல் 1951 வரை வாஷிங்டனில் தூதுவர்; மெக்சிக்கோவுக்கும் சேர்த்து. கொரியப் போரில் இந்தியா எந்தப் பக்கமும் சாயாதது அமெரிக்கருக்கு எரிச்சலூட்டிய காலம் அது. அதே நேரம் இந்தியாவில் உணவுத் தட்டுப்பாடு. கோபமாயிருக்கும் நாட்டிடம், தலை குனியாமல் தானியம் கேட்க வேண்டும். நெடுநாள் இழுபறிக்குப் பின் 1951 ஜூனில், தானியம் வாங்குவதற்கு 19 கோடி டொலர் கடன் வழங்கும் சட்டம் நிறைவேறியது.

அண்ணன் பிரதமராக இருந்ததால்தான் தங்கைக்குப் பதவிகள் வந்தன என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. குடும்பப் பெயர் கதவைத் திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1937 இல் அமைச்சரானபோதும் 1945 இல் மாநாட்டுக்கு வெளியே நின்று பேசியபோதும் அண்ணன் பிரதமர் அல்லர். 1946 இன் 32 வாக்குகளும் அலகாபாத்தில் போடப்பட்டவை அல்ல.

தலைமை ஆசனம்

1953 செப்டம்பர் 15 ஆம் திகதி பொதுச்சபையின் எட்டாவது கூட்டத்தொடருக்குத் தலைவராகத் தெரிவானார். போட்டியிட்டவர் தாய்லாந்து இளவரசர் வான். தலைவராக அமர்ந்தவர் தம் நாட்டுக்காகப் பேச முடியாது. எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒழுங்கை நடத்த வேண்டும். அந்த ஆண்டும் தென்னாபிரிக்க விடயம் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஏழு ஆண்டுக்கு முன் வாதாடியவர் இப்போது நடுவராக இருந்து அதே விவாதத்தை நடத்தினார். டிசம்பர் 8 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், அணுவைச் சமாதானத்துக்குப் பயன்படுத்துவது பற்றிய புகழ்பெற்ற உரையை அச்சபையிலே நிகழ்த்தினார். 1946 இன் வாக்கெடுப்பு நடந்ததும் ஒரு டிசம்பர் 8 தான்.

அந்த மண்டபத்தில் அன்று இலங்கைக்கு ஆசனம் இல்லை. 1948 இல் சுதந்திரம் பெற்றும், சோவியத் ஒன்றியத்தின் தடையால் எம் நாடு 1955 டிசம்பர் வரை சபையில் சேர முடியவில்லை.

அம்மையாருக்குப் பின் அந்த ஆசனத்தில் இன்னொரு பெண் அமர 1969 ஆயிற்று. அவர் லைபீரியாவின் அஞ்சி புரூக்ஸ். மூன்றாமவராகப் பஹ்ரெய்னின் ஹயா ரஷீத் அல் கலீபா 2006 இல் வந்தார். முதற் பெண் வந்துவிட்டால் மற்றவர்களுக்குப் பாதை தானாகத் திறக்கும் என்று நினைப்பது எத்துணை தவறு என்பதை இந்த ஆண்டுகளே சொல்லும்.

1954 முதல் 1961 வரை லண்டனில் உயர் ஸ்தானிகராகக் கடமையாற்றினார். சூயஸ் நெருக்கடியில் பிரித்தானியாவும் இந்தியாவும் எதிரெதிரே நின்ற 1956 இலும் அந்தக் கதிரையில் அவரே இருந்தார். அவர் லண்டனை விட்ட ஆண்டில், 1961 மார்ச் மாதம், பொதுநலவாயப் பிரதமர்கள் மாநாடு அங்கு கூடியது. நிறவெறிக்கு எழுந்த எதிர்ப்பால் தென்னாபிரிக்கா பொதுநலவாயத்திலிருந்து விலகியது அப்போதுதான். அந்த மேசையைச் சுற்றியிருந்த பிரதமர்களில் ஒருவர், உலகின் முதற் பெண் பிரதமராகிய எம் நாட்டின் சிறிமாவோ பண்டாரநாயக்க.

பின்னாள்

1962 இல் மகாராஷ்டிர ஆளுநரானார். 1964 இல் அண்ணன் மறைந்த பின் அவருடைய பூல்பூர்த் தொகுதியில் நின்று வென்று பாராளுமன்றம் சென்றார். 1968 இல் பதவி விலகி டேராடூனில் ஓய்வு வாழ்க்கை மேற்கொண்டார்.

ஆனால் 1975 இல் இந்திரா காந்தி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, எதிர்த்தவர்களைச் சிறையிலிட்டார். ஒருகாலம் தம்முடன் நைனிச் சிறையிலிருந்த மருமகள் இப்போது மற்றவர்களைச் சிறையிடுவதை அம்மையாரால் பொறுக்க முடியவில்லை. 1977 தேர்தலில், எழுபத்தாறு வயதில், ஓய்வை விட்டு வெளிவந்து மருமகளின் ஆட்சிக்கு எதிராக மேடையேறினார். இந்திரா தோற்றார். குடும்பத்தால் பதவி பெற்றவர் என்ற பழிச்சொல்லுக்கு இதனிலும் தெளிவான மறுமொழி வேறில்லை.

1979 இல் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. 1990 டிசம்பர் 1 ஆம் திகதி தொண்ணூறாவது வயதில் டேராடூனில் கண்மூடினார்.

எமக்கு

இம்மலரைக் கையிலெடுக்கும் எம் சகோதரிகள் இன்று கல்முனையிலும் கொழும்பிலும் மட்டுமன்றி ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். பலர் தாயின் வீட்டை விட்டு, உரிமை எழுதப்படாத ஊர்களில் புதிதாகக் குடியேறியவர்கள். ஊரிலே போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமந்த சகோதரிகளும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளில், குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கே உரிமை எழுதப்பட்ட இடங்களும் இருந்தன. தாய்வழி வழக்கம் எம்மிடம் நிலைத்திருக்கிறது என்று நம்பிக் கொண்டிருந்தோம். ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் அது மாறிவிடக் கூடும் என்று அப்போது கண்டோம்.

பள்ளிக்கூடம் கிடைக்காத ஒரு பெண், தன் வீட்டில் மறுக்கப்பட்ட உரிமையின் நோவோடு கடல் கடந்து, நேட்டாலில் காணி மறுக்கப்பட்டவர்களுக்காக வாதாடி வென்றார். எமக்கோ பள்ளிக்கூடமும் கிடைத்தது, வீடும் கிடைத்தது. எம் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிகளையும், கையொப்பமிடும் படிவங்களையும் ஒருதரம் நன்றாக வாசித்துப் பார்க்க அந்தப் படிப்பு எமக்குப் போதும். அதைச் செய்வோம்.